பாவாவின் பழைய காரும் பட்டாளத்து எஞ்சினும்

நான் யாரைக் கட்டிக்கொள்வது என்பதை ஒரு ஜீப் எஞ்சின் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

யுத்தம் முடிந்து, பட்டாளத்துச் சாமான்களைச் சென்னையில் ஏலம் விட்டுக்கொண்டிருந்த சமயம். என் அத்தை மகன், அதாவது என் பாவா, திருத்தணி பஜார் கோடியில் மோட்டார் ஒர்க்ஷாப் வைத்திருந்தார். ஏதோ ஒரு ஜமீனில் ஓட்டித் தேய்த்துப் போட்ட, இரண்டு பேர் மட்டும் உட்காரும் பந்தயக் கார் ஒன்றை இழுத்து வந்தார். நீள மூக்கும் தாழ்ந்த உடம்புமாகப் பார்க்க ஜம்மென்றிருக்கும். எஞ்சின்தான் செத்துப்போயிருந்தது. ஏலத்தில் எடுத்த ஜீப் எஞ்சினை அதில் இறக்கினார். அதன் இழுப்பைப் பழைய பின் அச்சு தாங்காது என்று ஜீப்பின் அச்சையும் மாட்டினார்.

என்னைப் பெற்ற நைனாவுக்கு இதெல்லாம் சுத்தப் பைத்தியக்காரத்தனம். பள்ளிப்பட்டில் நிலபுலன் உள்ள இடமாகப் பார்த்து வைத்திருந்தார். எனக்கோ பாவாவை விட்டால் வேறு ஆள் வேண்டாம். அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன்; கடைசியில் நைனாவே இறங்கி வந்தார்.

"அந்த வண்டி நம்ம வாசல்லேர்ந்து மலையடிவாரம் வரிக்கும் போவட்டும், பொண்ணு அவனுக்குத்தான். போவலன்னா பள்ளிப்பட்டு. அப்புறம் மூக்கால அழுதுகினு இருக்கக்கூடாது."

பூஜை போடாமல் வண்டியை ஓட்டக்கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் எஞ்சினை நின்ற இடத்திலேயே உறும விட்டுப் பார்த்ததோடு சரி.

நல்ல நாளில் வண்டியை எங்கள் வாசலுக்குத் தள்ளி வந்து, கற்பூரம் காட்டி, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நைனா பக்கத்தில் ஏறி உட்கார, பாவா கியர் போட்டார். வண்டி விருட்டென்று பின்னால் பாய்ந்து எங்கள் வைக்கோல்போரில் முட்டி நின்றது. எலுமிச்சம்பழங்கள் அப்படியே கிடந்தன.

பாவா வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டு வந்து அத்தையை முறைத்தார்.

"குங்குமம் வெச்ச பக்கம் மண்ணப் பாக்கக்கூடாதுன்னியே, அச்சு தலைகீழா ஏறிட்ச்சி!"

அந்த அச்சு தரையில் குப்புறக் கிடந்தபோதே அத்தை மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறாள். மாட்டும்போதும் பக்கத்தில் நின்று, பொட்டு வைத்த பக்கம் மேலேதான் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறாள். பாவாவுக்கும் சாமி பயம். அப்படியே முடுக்கிவிட்டார். தலைகீழ் அச்சு, முன்னால் போகச் சொன்னால் பின்னால் போகிறது. ரிவர்ஸ் கியர் போட்டால் முன்னால் ஊர்ந்திருக்கும்; அந்த நேரத்தில் அது யாருக்கும் தோன்றவில்லை.

நைனா வைக்கோலைத் தட்டிவிட்டு இறங்கினார். "போதும்டா சாமி. நாளைக்கே பள்ளிப்பட்டுக்கு ஆள் அனுப்பறேன்."

பாவா கைக்கரியை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நாளில் புருஷன் பெண்டாட்டியே பஜாரில் சேர்ந்து நடக்க மாட்டார்கள். நான் விடுவிடுவென்று போய் நைனா இறங்கிய இடத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

"ஏறு பாவா."

"பின்னாலதானே போவுது?"

"போவட்டுமே! வண்டி முதுக மலைப் பக்கம் திருப்பு."

திருப்பினார். பஜார் முழுக்கப் பின்பக்கமாகவே பறந்தோம். மொட்டை போட உட்கார்ந்திருந்த ஒருவர் பாதித் தலையோடு எழுந்து ஓடினார். அடிவாரம் வந்ததும் எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது நைனா வாசலிலேயே நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அத்தையிடம் சொன்னார்.

"ஊரே பாத்துட்ச்சி, இனிமே எவன் வருவான்? நாள் பாரு அக்கா. ஆனா அதுக்குள்ள அந்த அச்சத் திருப்பி மாட்டச் சொல்லு. என் பொண்ணு புருஷன் வூட்டுக்கு முன்ன பாத்துதான் போவணும்."