லிஃப்டக்காவுக்கு வந்த பதவி

அவளை எல்லாரும் லிஃப்டக்கா என்றே கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் சொந்தப் பெயர் அவளுக்கே நினைவு வரும். பதிமூன்று வருடமாக அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கிறாள். கம்பெனியில் மெக்கானிக்குகள் பன்னிரண்டு பேர். அதில் அவள் ஒருத்திதான் பெண். சேர்ந்த புதிதில், அவள் கைவைத்த லிஃப்டில் ஏறப் பயந்து மூட்டை முடிச்சோடு படியேறிப் போனவர்கள் உண்டு.

வீட்டிலும் லேசாக இல்லை. "ஸ்பேனர் ஆம்பளைங்க சாமான்" என்று மாமியார் அவளுடைய டூல்பையை வாசற்படி தாண்ட விட்டதே இல்லை. அது வெளியே செருப்புகளோடுதான் கிடக்கும். தையல்காரனான கணவன் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு மிஷினை மிதிப்பான்.

ஒரு திங்கட்கிழமை அவளை சூப்பர்வைசராக்கி உத்தரவு வந்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தோடு நன்றி சொல்ல மேனேஜர் அறைக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. மேனேஜர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா சார், பெண்கள் எத்தனை, சிறுபான்மை எத்தனைன்னு கேட்டிருந்தீங்கல்ல? ஒரே ஆள்ல ரெண்டு கட்டத்துக்கும் டிக் போட்டாச்சு."

அவள் வீட்டில் பேசுவது ஊரில் பத்தில் ஒருவர்கூடப் பேசாத மொழி. அது ஒரு தகுதியாகும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. போனை வைத்ததும் உள்ளே போய் நேராகவே கேட்டாள்.

"சார், எனக்கு வேலை தெரியும்னு குடுத்தீங்களா, இல்ல கட்டத்துக்காகக் குடுத்தீங்களா?"

அவர் பேனா மூடியைக் காதில் விட்டுக் குடைந்தார். "ரெண்டும்தான்மா. வேலை தெரியாதவளுக்குக் குடுப்பேனா? ஆனா கட்டம் இல்லன்னா மீசைக்குத்தான் குடுத்திருப்பேன். போ, போய் வேலையைப் பாரு."

மீசை அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். மெஷின் ரூமுக்கு வெளியே நின்று சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அன்று அவன் கைகுலுக்கி வாழ்த்தினான். அந்த வாழ்த்தில் எவ்வளவு நிஜம் என்று அவளால் எடைபோட முடியவில்லை.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு கூத்து. மாமியார் மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரியிடம், "பதினோரு ஆம்பளைங்க எம்மருமக சொல்றதைக் கேக்கணுமாம்!" என்று முழங்கிக்கொண்டிருந்தார். டூல்பை என்னவோ வெளியேதான் கிடந்தது. "உங்கம்மா சந்தோஷப்படுறாங்களா, வருத்தப்படுறாங்களா?" என்று கணவனிடம் கேட்டாள். "எனக்கே முப்பத்தஞ்சு வருஷமா தெரியல" என்றான் அவன்.

பதினைந்து நாள் கழித்து, ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் சோதனை. லிஃப்டைத் தூக்கும் இரும்புக் கயிற்றில் மீசை பழந்துணியைச் சுற்றி இழுத்தான். அறுந்த இழைகளில் துணி சிக்கியது.

"எட்டு. ஒன்பது வந்தாத்தான் நிறுத்தணும். இன்னும் மூணு மாசம் தாங்கும்" என்றான்.

அவளும் இழுத்துப் பார்த்தாள். அவள் கணக்கில் ஒன்பது. ஒரு இழை அறுந்ததா, அழுக்கா என்று சந்தேகமாக இருந்தது.

"நிறுத்திடலாம்."

"உனக்கு நிஜமாவே பயமா இருக்கா, இல்ல சூப்பர்வைசர்னு காட்டணுமா?"

அந்தக் கேள்வி அவளுக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின மாதம் இதே இழையைப் பார்த்திருந்தால் அவன் பேச்சை ஏற்றிருப்பாளோ? தெரியவில்லை. இருந்தும் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போட்டாள்.

ஐந்தாம் மாடிக்காரி, கையில் கைக்குழந்தையோடு, படியில் மூச்சு வாங்க நின்று சொன்னாள்: "பொம்பளையைப் போட்டா இப்படித்தான். தொட்டதுக்கெல்லாம் பயம்." இதையே ஓர் ஆண் சொல்லியிருந்தால் லிஃப்டக்கா நறுக்கென்று பதில் கொடுத்திருப்பாள். இவளிடம், "மூணு நாள்ல புதுக் கயிறு வந்துடும்" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் புதுக் கயிறு வந்தது. பழையதைக் கழற்றிக் கீழே போட்டு, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, இருவரும் குந்தியிருந்து பார்த்தார்கள். அந்த ஒன்பதாவது இழை பாதிதான் அறுந்திருந்தது.

மீசை சிரித்துவிட்டான். "எட்டரை. நீ சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி."

அவளும் சிரித்தாள். ஆனால் அன்று முழுக்க, தான் ஜெயித்தோமா தோற்றோமா என்ற கேள்வி கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல அவளை அலைக்கழித்தது.

அடுத்த மாதம் மீசை வேறு கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதினான்.

"என்னாலயா?" என்று கேட்டாள்.

"உனக்கு ரொம்பத்தான் நெனப்பு. எங்க வீட்டுக்காரிக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில லேப் வேலை கிடைச்சிருக்கு. இத்தனை வருஷம் எனக்காக அவ வந்தா. இப்ப நான் போறேன்."

அது உண்மைதான். அவளே விசாரித்தாள். ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்தே பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம் என்பதும் உண்மை.

இப்போது அவள் சூப்பர்வைசராகி மூன்றாவது வருடம். உத்தரவு போட்டால் போதும் என்றாலும் வாரம் ஒருநாள் தானே பாதுகாப்பு பெல்ட் கட்டிக்கொண்டு மேலே ஏறுகிறாள். போன வாரம் மீசை போன் செய்தான். ஒரு பழைய மாடலின் கதவு பாதியில் நின்றுவிடுகிறதாம். என்ன செய்யலாம் என்று கேட்டான். அரை மணி நேரம் விளக்கினாள். வைத்த பிறகுதான் தோன்றியது: நிஜமாகவே தெரியாமல் கேட்டானா, பேச ஒரு சாக்குக்குக் கேட்டானா? திரும்பக் கூப்பிட்டுக் கேட்கலாம்தான். அதற்குள் நான்காவது தெருவில் யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டதாகத் தகவல் வந்தது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.