முந்நூறு நாற்காலியில் ஒரு வசனம்

சங்கராபுரம் வட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ சாவோ, எதுவானாலும் நீங்கள் உட்காருவது என் நாற்காலியில்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. பந்தல் கழி சுமந்தேன், பிறகு நானே பந்தல் போட்டேன், இன்று முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலிக்குச் சொந்தக்காரன். மற்ற பந்தல்காரர்கள் நாற்காலி முதுகில் கடைப் பெயரை எழுதுவார்கள். நான் வசனம் எழுதினேன்: "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்."

அது எனக்கு வந்த வாக்குத்தத்தம். எங்கள் சர்ச்சில் புது வருஷ ஆராதனை முடிந்ததும் தட்டில் வசன அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அந்த வருஷம் ஆண்டவர் நமக்குச் சொல்வது அது. எனக்கு இந்த வசனம் வந்தபோது நான் ஆச்சரியப்படவில்லை. என் வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல ஆண்டவரால்தான் முடியும் என்று நினைத்தேன். அதன் பிறகு கஷ்டத்தில் இருப்பவர் யாரைக் கண்டாலும் வசனத்தைச் சொல்லி, கூடவே என் கதையையும் சொல்வேன். வசனம் ஒரு நிமிஷம், கதை முக்கால் மணி நேரம்.

என் தங்கை மலைமேல் கரியாலூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவளைப் பத்தாவது வரை படிக்க வைத்தது நான்தான். அதைச் சொல்லிக்காட்டாத வருஷம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய ஒரே மகன் மலை இறக்கத்தில் பைக் சறுக்கி இறந்துபோனான். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். பையன் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் வண்டியில் சுற்றியதைக் கொஞ்சம் நினைவூட்டினேன். நீ மனசைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் ஆண்டவர் உன்னையும் தூக்கிவிடுவார், என்னைப் பார் என்றேன். முடிவில் வசனத்தையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. உள்ளே போய் பைபிளை எடுத்து வந்தாள்.

"இத்த யாரு சொன்னது தெரியுமாண்ணா?"

"ஆண்டவரு."

"இல்ல. பில்தாத்னு ஒருத்தன். யோபுவோட பசங்க பத்து பேரும் வூடு இடிஞ்சி செத்துட்டாங்க. அவரு சாம்பல்ல குந்திக்கினு இருக்காரு. ஆறுதல் சொல்றன்னு வந்தவன், உன் பசங்க பாவம் பண்ணாங்க, அதான் செத்தாங்க, நீ சுத்தமா இருந்தா நல்லா வருவன்றான். அதுல வர்ற வசனம் இது. நீயும் ஒண்ணு வுடாம அதையேதான் சொல்ற." புத்தகத்தை மூடினாள். "நீ கெளம்புண்ணா. நானா கூப்புடற வரைக்கும் வராத."

அவளைப் படிக்க வைத்ததற்கு முதல்முறையாக வருத்தப்பட்டேன். நேரே பாஸ்டரிடம் போனேன். அவர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, தங்கச்சி சொன்னது சரிதான் என்றார். அட்டை அச்சடிக்கிறவர்கள் சொன்னவன் பெயரைப் போட இடமில்லாமல் விட்டிருப்பார்களாம்.

கிறிஸ்துமஸ் வந்தது, தங்கை கூப்பிடவில்லை. போன் பண்ணினால் மச்சான் எடுத்து மழையைப் பற்றிப் பேசினார். வேறு வழியில்லாமல் பைபிளில் யோபு புத்தகத்தை விரல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தேன். நாலு மாசம் ஆனது. யோபுவின் நண்பர்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இப்படிப் பேசுகிற ஆட்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

கடைசியில் ஆண்டவர் அந்த மூன்று பேர்மேலும் கோபப்படுகிறார். நீங்கள் பேசியது சரியில்லை, யோபுவிடம் போங்கள், அவன் உங்களுக்காக ஜெபம் செய்தால்தான் கேட்பேன் என்கிறார். அந்த வாரமே முந்நூறு நாற்காலியிலும் இருந்த வசனத்தைத் தின்னர் போட்டு அழித்தேன். பிறகு, கூப்பிடாமலே மலைக்கு பஸ் ஏறினேன். அதுவரை நான் யாரிடமும் எனக்காக ஜெபம் பண்ணச் சொன்னதில்லை. ஊருக்கே ஜெபம் பண்ணுகிறவன் நான்.

தங்கை வாசலில் சோளம் காயவைத்துக்கொண்டிருந்தாள். பையனைப் பற்றி நான் பேசினது தப்பு, எனக்காக ஜெபம் பண்ணும்மா என்றேன்.

"ஜெபம் கெடக்கட்டும். மொதல்ல வாய மூடிக்கினு குந்து."

உட்கார்ந்தேன். பத்து மணிக்கு மூடிய வாயை இரண்டு மணி வரை திறக்கவில்லை. இந்த மாவட்டத்திலேயே என் வயசில் இதைச் செய்யக்கூடியவன் வேறு யாரும் இருக்க மாட்டான். கொல்லையிலிருந்து வந்த மச்சான் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தங்கையிடம் தணிந்த குரலில், "அண்ணனுக்கு இன்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

அவள் உள்ளே போய்ச் சோறு எடுத்து வந்தாள். மூன்று தட்டு வைத்தாள். சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடி, மழைக்காக, மச்சானின் முட்டிவலிக்காக, குட்டி போட்டிருந்த ஆட்டுக்காக ஜெபித்தாள். கடைசியாக, "எங்கண்ணனையும் மன்னிச்சிடுங்க ஆண்டவரே" என்றாள்.

ஆட்டுக்கு அப்புறம்தான் நான். அதைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை.