இரண்டு பேருக்காகவும் கேட்டேன்

போன ஐப்பசியில் என் கணவருக்குக் காய்ச்சல் கண்டது. போடியில் எங்களுக்கு ஒரு சின்ன ஜவுளிக்கடை இருக்கிறது. தீபாவளி வியாபாரம் நெருங்கிய நேரம் என்பதால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்வந்தார். ஒருநாள் காலை ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு இழுத்தது. நுரையீரலில் கிருமி பரவிவிட்டது என்று சொல்லி, தேனியில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து வாயில் குழாய் போட்டார்கள்.

அந்தப் பிரிவுக்கு வெளியே நீளமான வராந்தா. உள்ளே ஆள் கிடக்கிறவர்களுக்கெல்லாம் அதுதான் வீடு. சுவரோரம் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். மயிலாடும்பாறையில் விவசாயக் குடும்பம். அவள் கணவருக்கும் இதே நோய்தான், அவர் வாயிலும் குழாய். இருவரும் அடுத்தடுத்த கட்டிலில் இருந்தார்கள்.

என்னைவிட நாலைந்து வயது இளையவள். அன்று சாயங்காலத்துக்குள் என்னை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். நான் மருந்து வாங்க ஓடினால் என் பையை அவள் பார்த்துக்கொள்வாள். அவள் குளிக்கப் போனால், நர்ஸ் கூப்பிடும் சத்தத்துக்கு நான் காது கொடுத்திருப்பேன். நான் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுச் சாப்பிடுவதைப் பார்த்தபடி இருந்தவள், ஒருநாள் கேட்டாள்.

“எங்க ஆளுக்கும் சேத்து ஒங்க சாமிகிட்டக் கேளுங்கக்கா.”

“கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்த்தா” என்றேன்.

சற்று நேரம் கழித்து, “நானும் எங்க ஆத்தாகிட்ட அண்ணனுக்கும் சேத்துத்தான் வேண்டுறேன். தப்பா நெனைக்காதீக” என்றாள்.

எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. அதன்பிறகு நான் ஜெபித்தபோதெல்லாம் இரண்டு பெயர்களையும் ஒரே மூச்சில்தான் சொன்னேன். ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் குறைவு என்று கேட்கவில்லை. இதை நான் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் கணவரின் குழாயை எடுத்தார்கள். தானாக மூச்சு விடுகிறார் என்று டாக்டர் சொன்னபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு என்னைவிட அதிகம் அழுதது அவள்தான். அன்று மத்தியானமே அவளை உள்ளே கூப்பிட்டார்கள். போன கொஞ்ச நேரத்தில் அவள் சத்தம் வராந்தாவரை கேட்டது.

அவள் கணவரின் உடலை வண்டியில் ஏற்றியபோது நானும் வாசல்வரை போனேன். ஒரு கையில் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தேன். மறுகையில் இருந்த போன் விடாமல் அடித்தது. எடுத்தால், சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக, “கர்த்தர் ஒன் ஜெபத்தக் கேட்டுட்டாரு” என்றார்கள். என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை.

கணவர் வீடு திரும்பி, மெல்ல நடமாடத் தொடங்கியதும், நன்றி சொல்லி எங்கள் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கவேண்டும் என்று சபையில் பேச்சு வந்தது. எங்கள் பக்கம் அது வழக்கம். வீட்டில் எல்லாரையும் கூட்டி, பாட்டுப் பாடி, நடந்ததைச் சாட்சியாகச் சொல்லி, சாப்பாடு போடுவோம். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஒருநாள் இவர் கேட்டேவிட்டார்.

“ஒனக்கு நன்றி சொல்ல மனசு இல்லையா?”

“இருக்கு. என்னன்னு சொல்றது? நான் கேட்டேன், அவரு குடுத்தாருன்னு சொன்னா, அந்தப் பிள்ள கேட்டதுக்கு என்ன அர்த்தம்? அதே வாயாலதான நானும் அந்த ஆளுக்காகக் கேட்டேன்?”

அவர், “எனக்கும் தெரியல. ஆனா காலைல முழிச்சு மூச்சு விடயில நன்றிங்கிறது தானா வருது. அத என்ன செய்ய?” என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. “மொதல்ல நீ போயி அந்தப் பிள்ளையப் பாத்துட்டு வா” என்றும் அவரேதான் சொன்னார்.

தேனியில் பஸ் மாறி மயிலாடும்பாறைக்குப் போனேன். என்னைப் பார்த்தால் அவளுக்கு வலிக்குமே என்ற பயம் வழியெல்லாம் இருந்தது. வாசலில் நின்று தேங்காய் மட்டைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “அண்ணன் நல்லாச் சாப்பிடுறாகளாக்கா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

உட்கார்ந்ததும், “அவுக மொகத்தக் காட்டுங்க. கண்ணாடி வழியா குழாயோட பாத்ததுதான்” என்றாள். எனக்குத் தயக்கம். அவள் விடவில்லை. போனில் வீடியோவில் இவரைக் கூப்பிட்டேன். இவர் அவளைக் கண்டதும் கைகூப்பினார்.

“மூச்சு வாங்குதாண்ணே?”

“இல்லத்தா.”

“படி ஏறயில?”

“லேசா வாங்கும். இப்பக் கொறஞ்சிருச்சு.”

“பாத்து இருங்க” என்றவள், போனை என் கையில் கொடுத்துவிட்டு முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுது முடித்ததும் கோபமாகவே கேட்டாள்.

“ஒங்க சாமி என்னக்கா சொல்லுச்சு? எங்க ஆள ஏன் கைவிட்டுருச்சாம்?”

“ஒண்ணும் சொல்லலத்தா. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“எங்க ஆத்தாவும் வாயத் தெறக்கல.”

நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன். ஆறுதல் வசனங்கள் நிறையத் தெரியும். அன்று ஒன்றையும் எடுக்கவில்லை.

மத்தியானம் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். பழக்கத்தில் நான் கண்ணை மூடினேன். அவள் வீட்டில் அவள் துக்கத்தின் நடுவே எதற்கு நன்றி சொல்வது என்று தோன்றித் திறந்துவிட்டேன். அவள் கவனித்துவிட்டாள்.

“ஏன் நிப்பாட்டிட்டீக? அங்கன தெனமும் கும்பிட்டுத்தான திம்பீக. சொல்லுங்க. நானும் கேக்குறேன்.”

வாய்விட்டுச் சொன்னேன். சோற்றுக்காக, அதைப் பொங்கிய கைக்காக, ஆஸ்பத்திரியில் எனக்குப் பாயில் இடம் கொடுத்தவளுக்காக. அவள் கணவர் பெயரையும் சொன்னேன். அவள், “ம்” என்றாள்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் நடந்தது. சாட்சி சொல்ல எழுந்த நான் இரண்டு பேரைப் பற்றியும் சொன்னேன். ஒருவர் பிழைத்தார், ஒருவர் போய்விட்டார், ஏன் என்று தெரியவில்லை, பிழைத்ததற்கு நன்றி சொல்கிறேன், போனதற்கு அழுகிறேன், இரண்டையும் ஒரே ஆண்டவரிடம்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். கூடத்தில் வழக்கமாக எழும் அல்லேலூயா எழவில்லை. சபையில் மூத்த அம்மா ஒருவர் சாப்பாட்டின்போது, “சந்தோசமான எடத்துல சாவப் பத்திப் பேசியிருக்க வேண்டாம்” என்று வருத்தப்பட்டார். போதகர் மட்டும் முடிவு ஜெபத்தில் அந்தக் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று காத்திருக்கவும் இல்லை. ஆனால் நன்றி சொல்லும்போது, அது வேறொருவர் காதில் எப்படி விழும் என்று யோசிக்கப் பழகியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து வந்ததும் அவளோடு பேசுகிறேன். அவர்களுடைய தென்னந்தோப்பை இப்போது அவளே பார்க்கிறாள். போன வாரம் மழை இல்லை என்று அலுத்துக்கொண்டாள். இங்கும் இல்லை என்றேன். “அப்பச் சேத்தே கேளுங்க” என்றாள்.