ஊருக்கு ஒளித்த மருந்து

அனலைதீவில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்திலேயே மாதமொருமுறை மனநலக் கிளினிக் நடக்கிறது. நானோ ஊர் அறிந்துவிடுமென்று பயந்து, தம்பியை யாழ்ப்பாணத்துக்குப் படகேற்றிக் கூட்டிப்போவேன். கேட்டவர்களுக்கு அவனுக்குப் பல்லுவலி என்பேன். நான்கு வருடப் பல்லுவலி!

அண்மையில் யாழ்ப்பாணக் கிளினிக் நாளன்று கடும் காற்று, படகு ஓடவில்லை. மாத்திரை முடிந்து இரண்டு கிழமையில், யாரோ கூப்பிடுவதாகச் சொல்லித் தம்பி கடலுக்குள் இறங்கினான். கழுத்தளவு தண்ணீரில் அவன். தீவில் பிறந்தும் நீந்தத் தெரியாத நான் கரையில் நின்று கத்தினேன். பக்கத்து வீட்டுச் செல்வம்தான் பாய்ந்து இழுத்துவந்தான்.

"ஏன் அண்ணை, இஞ்சத்தைக் கிளினிக்குக்குப் போகேலாதோ?"

"சனம் அறிஞ்சிடும் எண்டுதான்..."

"எல்லாருக்கும் தெரியும். நீங்கள் வெக்கப்படுவியள் எண்டுதான் ஒருத்தரும் கேக்கேல்லை."

இப்போது உள்ளூர்க் கிளினிக்குக்கே நடந்து போகிறோம். வழியில் கேட்பவர்களுக்கு, மனதுக்கு மருந்தெடுக்கப் போவதாகத் தம்பியே சொல்கிறான். நான்தான் இன்னும் சற்றுக் குனிந்து நடக்கிறேன்.