ரீத்தா டீச்சர் கதை சொன்ன படம்

ஆசிரியர் அறையில் ரீத்தாவின் பேச்சில் கடற்கரை வாடை துளியும் இருக்காது. அதற்காக அவள் நிறைய மெனக்கெட்டிருந்தாள். மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் பிறந்தவள். அந்த ஊரிலிருந்து முதலில் ஆசிரியை ஆனவளும் அவள்தான். திங்கள்சந்தைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலப் பாடம் எடுக்கும் வேலை கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் அவள் நியமனத்துக்கு அரசு ஒப்புதல் வரவில்லை. அதனால் யாரிடமும் எதற்கும் மறுத்துப் பேசமாட்டாள்.

அந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு நான்கு பிரிவுகள். கடற்கரையிலிருந்து வரும் பிள்ளைகள் எல்லாரும் ‘டி’யில் இருந்தார்கள். அப்படி எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. வருடாவருடம் அப்படித்தான் அமைந்தது. ‘டி’க்கு அறிவியல் ஆசிரியர் இல்லை. கணினி அறைப் பக்கம் அவர்களை விடுவதில்லை. வகுப்பில் கடற்கரை ஊர்களின் கடப்புறப் பேச்சு வாயில் வந்தால் வராந்தாவில் நிற்க வேண்டும். ரீத்தாவே இரண்டொரு பிள்ளைகளை அப்படி நிறுத்தியிருக்கிறாள்.

2008-இல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவளுடைய ஊர்த் தேவாலயத்தின் பங்குச் சாமியார் இளைஞர்களுக்கு ஒரு படம் போட்டார். சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனம் ஒன்று விட்டுப்போன புரொஜக்டர் பங்கில் இருந்தது. படம் ஆங்கிலம். அமெரிக்காவில் மெக்சிகோ வழிவந்த பிள்ளைகள், சிக்கானோக்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள், நாற்பது வருடம் முன்பு நல்ல படிப்புக் கேட்டு வகுப்பை விட்டு வெளியே நடந்த கதை. தமிழில் சொல்ல ஆள் வேண்டுமென்று சாமியார் ரீத்தாவை அழைத்தார்.

மைக்கைப் பிடித்து முதலில் பாடம் நடத்துகிற தமிழில்தான் தொடங்கினாள். வீட்டுப் பேச்சைப் பேசியதற்காக ஒரு வாத்தியார் பையனை அடிக்கும் காட்சி வந்ததும் அவளையறியாமல் மாறிவிட்டது. “பாத்தியளா மக்கா, அவனுக்க அம்ம பேசிய பேச்சத்தான் அவன் பேசினான். அதுக்குப் போட்டு அடிக்கியான்!” என்றாள். 

படம் முடிந்ததும் ‘டி’ பிரிவு ஜின்சி எழுந்தாள். மீனவர் சிலுவையின் மகள்.

“டீச்சர், அந்தப் பிள்ளையளுக்குக் கேட்டது கெடச்சுதா?”

“கொஞ்சம் கெடச்சுது.”

“நாங்க அப்படி எறங்கி நடந்தா?”

ரீத்தா சிரித்தாள். “நீங்க நடந்தா யாருட்டி உங்கள நிறுத்துவா?”

எல்லாரும் கைதட்டினார்கள். அன்று வீட்டுக்குப் போகும்போது அவளுக்குத் தன்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில், பிரார்த்தனை முடிந்ததும் ‘டி’ பிரிவுப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து, பள்ளி வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்கள். அறிவியலுக்கு ஆசிரியர் வேண்டும், எல்லாப் பிரிவிலும் எங்களையும் கலந்து போட வேண்டும் என்றார்கள்.

தலைமையாசிரியை சத்தியபாய் ரீத்தாவை அழைத்தார். கெட்ட மனுஷியல்ல; பயந்துபோயிருந்தார்.

“ஏதோ படம் பாத்துட்டு வந்திருக்காங்களாம். உனக்குத் தெரியுமா?”

“சாமியார் போட்டார் மேடம். எனக்கு அதில் சம்பந்தமில்லை.”

“ஸ்கூல் மேனேஜர் இப்ப வந்திருவார். யாரு தலைமை? உனக்கு அந்தப் பிள்ளைகள நல்லாத் தெரியுமே.”

மேசைமேல் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டிய கோப்புகள் இருந்தன. தன் பெயர் அவற்றில் எங்கே இருக்கிறது என்று ரீத்தாவின் கண் தேடியது.

“ஜின்சி,” என்றாள். யாரும் அவளை மிரட்டவில்லை. இரண்டாவது தடவைகூடக் கேட்கவில்லை.

பிள்ளைகளை உள்ளே கூட்டிவரவும் ரீத்தாவைத்தான் அனுப்பினார்கள். அவள் வாசலைத் தாண்டி வருவதைக் கண்டதும் ஜின்சி, “ஏய், டீச்சர் வந்தாச்சு!” என்று கூவினாள். பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்து, நடுவில் அவளுக்கு இடம் விட்டார்கள். ஒருத்தி அந்த இடத்து மண்ணைக் கையால் துடைத்தாள்.

ரீத்தா நின்றபடியே, திருத்தமான தமிழில் சொன்னாள்: “எல்லோரும் எழுந்து வகுப்புக்கு வாருங்கள். இது ஒழுங்கீனம்.”

அவர்கள் உடனே எழவில்லை. புரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜின்சிக்கு மட்டும் டி.சி. கொடுத்தார்கள். அவள் இரண்டு பஸ் மாறி வேறொரு பள்ளிக்குப் போனாள். சாமியாரும் ஊர்க்காரர்களும் மனு கொடுத்து, கல்வி அதிகாரி வந்து விசாரித்து, அடுத்த ஜூனில் பிரிவுகளைக் கலந்தார்கள். அறிவியலுக்கு ஆசிரியர் வந்தார். ரீத்தாவுக்கு ஒப்புதலும் வந்தது. பெற்றோரைப் பார்க்க ஊருக்கு வந்தால் சிலுவை வீட்டுத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப்போனாள்.

2012-இல் பங்கில் படிப்பு விழா வைத்தார்கள். ‘நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டிய ரீத்தா டீச்சருக்கு’ என்று சொல்லிப் புதிதாக வந்திருந்த சாமியார் பொன்னாடை போர்த்தினார். முன்வரிசையில் ஜின்சி அவள் அம்மாவோடு இருந்தாள். நர்சிங் படிப்பில் சேர்ந்திருந்தாள். ரீத்தாவால் மேடையில் நிற்க முடியவில்லை. மைக்கை வாங்கினாள்.

“நான் வழியொண்ணும் காட்டல்ல. ஜின்சிக்க பேரக் காட்டிக் கொடுத்தது நான்தான்,” என்றாள்.

கூட்டம் சலசலக்கும், யாராவது வைவார்கள் என்று காத்து நின்றாள்.  ஜின்சியின் அம்மா உட்கார்ந்தபடியே சொன்னாள்:

“அறியும் டீச்சர். டி.சி. வாங்கப் போன அண்ணைக்கே எச்.எம். அம்மா சொன்னாவ. ஊருல எல்லாருக்கும் அறியும்.”

“பின்ன எதுக்கு என்ன விளிச்சிய?”

“புதுச் சாமியாரு உங்கள விளிக்கட்டாண்ணு கேட்டாரு. வேண்டாம்ணு சொல்ல யாருக்கும் மனசு வரல்ல. நம்ம ஊருல மொதல்ல டீச்சரானது நீங்கதான?”

ஜின்சி மடியிலிருந்த கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்து பந்தி போட்டார்கள். ரீத்தா கிளம்பப் பார்த்தாள். ஜின்சியின் அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இலையில் சோறு விழுந்தது, மீன்குழம்பு விழுந்தது, “இன்னும் இத்திரி?” என்று கேட்டு மறுபடியும் ஊற்றினாள். பரிமாறுகிற அந்தக் கையை மட்டும் பார்த்தபடி, ரீத்தா தலை நிமிராமல் எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.