முகப்புத்தாளின் மேல் மூலை

1. நான் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய ஆண்டில், விடைத்தாளுக்கு முகப்புத்தாள் என்று புதிதாக ஒன்று வந்தது. மாணவரின் புகைப்படம், பெயர், தேர்வு எண், பார்கோடு எல்லாம் அதில் முன்பே அச்சாகியிருக்கும்.
2. அதை விடைத்தாளின் மேல் வைத்துத் தையல் இயந்திரத்தில் தைக்க வேண்டும் என்று தேர்வு மையங்களுக்குச் சொல்லப்பட்டது.
3. எங்கள் பள்ளியே தேர்வு மையம். அங்கே தைத்தவள் என் சித்தி.
4. அவள் தையலில் ஒரு பிழை இருந்தது.
5. முதல் தேர்வின் நடுவில், என் கைக்குக் கீழேயே அது தெரிந்தது.
6. அன்று மதியம் சித்தி வீட்டில் இரண்டு வெள்ளைத் தாள்களைச் சேர்த்துத் தைத்து இழுத்துப் பார்த்தாள். மேல் மூலை கிழிந்தது. அந்தத் தாள்கள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஒரகடத்தில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் கம்பெனியில் தையல் லைனில் வேலை செய்தாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் அவள் வீடு. வீட்டிலும் ஒரு மோட்டார் மிஷின் வைத்திருந்தாள். அவள் தைப்பதைப் பார்த்துக்கொண்டே நான் வீட்டுப்பாடம் எழுதிய நாட்கள் நிறைய. எந்தத் துணியானாலும், தையல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஊசியைப் பின்னுக்கு ஓட்டி அதே இடத்தில் மறுபடி மறுபடி குத்துவாள். லைனில் அதற்கு லாக் என்று பெயர். லாக் இல்லாத உறையைச் சோதிப்பவர்கள் திருப்பி எறிந்துவிடுவார்கள். “ஒருத்தன் குடும்பத்தோட குந்திகினு போவான். தையல் வுட்டுட்சின்னா இன்னா ஆவறது?” என்பாள். தலையணை உறைக்குக்கூட லாக் போடுவாள்.

அந்த ஆண்டு முகப்புத்தாள் என்ற சொல்லே எங்களுக்குப் பயமாக இருந்தது. அதற்கு முன்பு எழுதியவர்கள் தேர்வு எண்ணைத் தாங்களே எழுதினார்கள். எங்களுக்கோ, நாங்கள் போய் உட்கார்வதற்கு முன்பே எங்கள் முகம் அங்கே காத்திருக்கும். பார்கோடின் மேல் பேனா பட்டால் பேப்பர் செல்லாது, தாளை மடித்தால் செல்லாது, அடுத்தவர் தாளில் கையெழுத்துப் போட்டால் இரண்டு பேருடையதும் செல்லாது என்று ஆசிரியர்கள் தினமும் சொன்னார்கள். மாதிரித் தாளை நகலெடுத்துக் கொடுத்துப் பயிற்சிகூட நடந்தது. எனக்கு முன் பெஞ்சில் இருந்த தோழி மட்டும் சிரித்தாள். தேர்வுப் பட்டியலுக்கு எடுத்த புகைப்படத்தில் அவள் கண் பாதி மூடியிருந்தது. “திருத்தறவங்க பாத்துட்டு, இந்தப் பொண்ணு தூங்கிகினே எழுதிகீதுன்னு மார்க்க கொறைப்பாங்கடி,” என்றாள். அவளும் நானும் ஒரே பாலிடெக்னிக்கில் சேர்வதாக முடிவு செய்திருந்தோம்.

தைப்பதற்குப் பள்ளி முதலில் தேடியது ஸ்ரீபெரும்புதூர்க் கடைத்தெருத் தையற்காரர்களை. மூன்று பேர் மறுத்துவிட்டார்கள். பிள்ளைகள் படம் போட்ட அரசாங்கத் தாளில் ஊசி தவறினால் யார் பொறுப்பு என்று கேட்டார்களாம். அப்போதுதான் தலைமையாசிரியை என் அம்மாவிடம் பேசினார். தேர்வு எழுதுபவரின் வீட்டார் அந்தத் தாளைத் தொடக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். “அம்மான்னா வரக் கூடாது. சித்திதானே, பரவாயில்ல. வெளியில சொல்லாதீங்க,” என்றார். சித்தி தன் வார விடுமுறை ஒரு நாளும், காய்ச்சல் என்று சொல்லி எடுத்த இன்னொரு நாளும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து தைத்தாள். கதவு சாத்தியிருந்தது. மோட்டார் சத்தம் மட்டும் எங்கள் வகுப்பு வரை கேட்டது. இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு, “ஒரு தாள் கோணல் கெடையாது. எங்க சூப்பர்வைசர் பாத்தாகூட வாயத் தொறக்க மாட்டான்,” என்றாள். பெருமையாகத்தான் இருந்தது எனக்கு.

முதல் தேர்வு தமிழ் முதல் தாள். முகப்புத்தாளைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். என் படம், என் எண், என் பிறந்த நாள். கையெழுத்துப் போட்டேன். பாதித் தேர்வில் பக்கம் திருப்பும்போது விரலில் ஏதோ தளர்ந்தது போல இருந்தது. முகப்புத்தாளின் மேல் மூலை தையலை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்ததும் புரிந்துவிட்டது. லாக் போட்ட இடத்தில் ஊசித் துளைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, அஞ்சல்தலையின் ஓரம் போல் காகிதத்தை அறுத்திருந்தன. துணியில் பிடிப்பாக இருப்பது காகிதத்தில் வெட்டாகிவிட்டது. எல்லாத் தாளிலும் அப்படித்தான் இருக்கும் என்பதும் அந்த நொடியிலேயே தெரிந்தது.

பயந்தால் நான் எண்ணத் தொடங்குவேன். ஒன்று, மேற்பார்வையாளரிடம் சொன்னால் நானே கிழித்தேன் என்பார்கள். இரண்டு, தையல்தான் காரணம் என்றால் யார் தைத்தது என்பார்கள். மூன்று, சும்மா இருந்தால் விடைத்தாள்களைக் கட்டாகக் கட்டும்போது முகப்புத்தாள் கழன்று, என் விடைகள் யாருடையவையும் இல்லாமல் போய்விடும். இடது கட்டைவிரலால் மூலையை அழுத்திக்கொண்டு கட்டுரையை எழுதினேன். பிறகு தேவையே இல்லாமல் கூடுதல் தாள் ஒன்று கேட்டு வாங்கினேன். அதோடு கட்டுவதற்கு நூல் தருவார்கள். அந்த நூலைக் கிழிந்த மூலையைச் சுற்றி இரண்டு முறை இறுக்கிக் கட்டினேன். என் தாள் பிழைத்தது. எனக்கு முன்னால் தோழி விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கங்களை வேகமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். தேர்வறையில் பேசக் கூடாது. பேசவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன், முகப்புத்தாள் சரியாக இருந்ததா என்று.

“மேல கொஞ்சம் பிஞ்சா மாரி இருந்துச்சி. அப்டியே குடுத்துட்டு வந்துட்டேன். இன்னாத்துக்குக் கேக்கற?”

“சும்மாதான்,” என்றேன்.

சித்தி இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்ப, சீருடை போட்டுக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் நம்பவில்லை. “லாக் போடாம எவடி தைப்பா?” என்றாள். எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து, என் நோட்டிலிருந்து இரண்டு வெள்ளைத் தாள்களைக் கிழித்து மிஷினில் வைத்துத் தைத்தாள். பிடித்து மெல்ல இழுத்தாள். மேல் மூலை சத்தமே இல்லாமல் பிரிந்தது. கீழ் முனையை இழுத்தாள். அதுவும் வந்தது. கிழிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். வடக்குப்பட்டு திருப்பத்தில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. இரண்டாம் முறையும் அடித்தது. “போயி, நான் வர்லன்னு சொல்லுடி,” என்றாள். நான் திரும்பி வந்தபோது அவள் சீருடையை மாற்றிப் புடவை கட்டியிருந்தாள். “மீதி ஆறு பேப்பர் கீது. வா, டீச்சரப் பாக்கலாம்.”

தலைமையாசிரியை முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். அவரும் பயந்துதான் இருந்தார். மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடிக்காமலே வைத்தார். “முதல் பேப்பர் கட்டு கிளம்பிப் போயிடுச்சும்மா. அதப் பத்தி எழுதிக் குடுத்தா அத்தனை பிள்ளைங்க பேப்பரையும் நிறுத்தி வெச்சிடுவாங்க. அப்புறம் யார் தைச்சது, யாரோட சித்தின்னு வரும். மீதிய சரி பண்ணிடுவோம். இது நம்ம மூணு பேரோட நிக்கட்டும்.”

அவர் அதிகாரிக்குப் போன் செய்து, முன்னெச்சரிக்கையாக இன்னொரு தையல் போட அனுமதி வாங்கினார். மறுநாள் தேர்வு இல்லை. ஓர் அதிகாரியும் ஒரு காவலரும் பார்த்துக்கொண்டிருக்க, சித்தி மீதித் தாள்கள் எல்லாவற்றிலும் சற்று உள்ளே தள்ளி, லாக் போடாமல் நேராக ஒரு தையல் ஓட்டினாள். ஒவ்வொன்றின் முடிவிலும் கை தானாக ஊசியைப் பின்னுக்கு ஓட்டும் நெம்புகோலுக்குப் போனதாம். கையை இழுத்து இழுத்துக் கொண்டுவந்தாளாம். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டிருக்கிறாள்: “மொத பேப்பருக்கும் ஒரு லெட்டராச்சும் எழுதிடலாமே டீச்சர்?” அதற்கு அவர், “எழுதினா உன் பேர்தாம்மா மொதல்ல வரும்,” என்றாராம். சித்தி வந்துவிட்டாள். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

பிறகு வந்த இரண்டு மாதங்கள் எனக்கு விடுமுறையாகத் தெரியவில்லை. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் சித்தி அடுப்படிக்குள் போய்விடுவாள். ஷிப்டு முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே, “ஸ்கூல்லேர்ந்து யாராச்சும் வந்தாங்களா?” என்பாள். இல்லை என்றால் ஒரு நாள் பிழைத்தது என்று பொருள். எங்கள் பயம் முழுக்க எங்களைப் பற்றியதாகவே இருந்தது என்பது இப்போது எழுதும்போது தெரிகிறது. என் தாள், சித்தியின் பெயர், தலைமையாசிரியையின் வேலை என்று மூன்றை எண்ணினோம். நான்காவதாக ஒருத்தியை நாங்கள் எண்ணவில்லை.

முடிவு வந்த அன்று நானும் தோழியும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு நெட் சென்டரில் நின்றோம். எனக்கு நல்ல மதிப்பெண். அவளுக்குத் தமிழ் முதல் தாளில் வரவில்லை என்று இருந்தது. தோல்வி இல்லை, தேர்வுக்கே வரவில்லை என்று. அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் வந்தேன்ல? உனுக்கு முன்னாடிதானடி குந்திகினு இருந்தேன்?” என்றாள். “ஆமா,” என்றேன்.

அவள் அப்பா மனு மேல் மனு கொடுத்தார். வருகைப் பதிவில் அவள் கையெழுத்து இருந்தது. தலைமையாசிரியையும் அவரோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். எங்கள் மையத்தில் முகப்புத்தாள் முழுதாகக் கழன்றது அவளுடையது மட்டும்தான்; கடைசியில் அந்த விடைத்தாளைத் தேடி எடுத்து, எழுத்தை ஒப்பிட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். என்னைவிடக் கூடுதல். அதற்குள் பாலிடெக்னிக் சேர்க்கை முடிந்திருந்தது. பக்கத்துப் பள்ளியில், யாரும் கேட்காமல் மீந்திருந்த பிரிவில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தாள். அடுத்த ஆண்டு அவளை டிப்ளமாவுக்கு அனுப்ப அவள் அப்பாவுக்குத் தெம்பில்லை. முதல் நாளே நாங்கள் ஒரு கடிதம் எழுதியிருந்தால், கழன்ற தாளை அவர்கள் முன்பே தேடியிருப்பார்கள். இதைப் பல வழிகளில் யோசித்துப் பார்த்திருக்கிறேன். விடை மாறவில்லை.

நான் டிப்ளமா முடித்து, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். பிழை கண்டால் அதே ஷிப்டில் எழுதிப் பதிய வேண்டும், அதற்கு முன் அந்தத் தொகுதியில் வெளியே போனதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. புதிதாகச் சேர்பவர்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லும்போது அங்கே என் மேசை இழுப்பறைப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகியிருக்கிறேன்.

தலைமையாசிரியை ஓய்வு பெற்றுவிட்டார். சித்தி மண்ணூரில் வேறொரு கம்பெனியில் லைன் பொறுப்பாளராக இருக்கிறாள். அந்தத் தேர்வைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. தோழி என் தொழிற்சாலையிலேயே பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். காலை ஷிப்டு வாரங்களில் ஒரே பஸ்ஸில் போகிறோம். எனக்கு முன் இருக்கையில்தான் உட்காருவாள். அவள் தலைக்குப் பின்னால் இருக்கை உறையின் மேல் மூலையில் லாக் தெரியும். அது விடாமல் பிடித்திருக்கிறது. அவள் ஏதோ கேட்கத் திரும்பும்போதெல்லாம் நான் எண்ணத் தொடங்குகிறேன். அவள் கேட்பது பெரும்பாலும் தண்ணீர்தான்.

தைத்த தாள்கள் இழுப்பறையில் இருக்கின்றன. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.