பதினேழாம் எண்ணின் முறை

நாற்று முடியை அவிழ்த்தபடியே ராசம்மாள், "மொதல்லேருந்து சொல்லு" என்றார். வரப்பில் நின்ற மகள் கனிமொழி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். சேற்றில் குனிந்திருந்த பதினொரு பெண்களும் நடவை நிறுத்தாமல் காதை மட்டும் இப்பக்கம் வைத்திருந்தார்கள். "மே... மே..." என்று சொல் தடைபட்டதும் ஒருத்தி, "பாட்டாப் பாடிரு கனி, பாட்டுல திக்காது" என்றாள். "நீ ஒன் வரிசையப் பாருடி, கோணலாப் போவுது" என்றார் ராசம்மாள்.

வெண்ணாற்றுக்குத் தெற்கே, குறுவை நடவு நாள்களில், இக்குரலை மூன்று வயல் தள்ளியும் கேட்கலாம். ராசம்மாளுக்கு வயது நாற்பத்து நான்கு. பன்னிரண்டு பேர் கொண்ட நடவுக் குழுவுக்குத் தலைமை. வெற்றிலை போடுவதில்லை, கன்னத்தில் எப்போதும் ஒரு புளிப்பு மிட்டாய் ஒதுங்கியிருக்கும். கைப்பேசியில் பேசினாலும் ஆற்றின் எதிர்க்கரையில் இருப்பவரை அழைப்பதுபோலவே பேசுவார். இவருடைய ஒரே மகளுக்குத் திக்குவாய். தொடக்கப் பள்ளியின் ஐந்தாண்டுகளும் பிள்ளைகள் அவளை 'ஆடு' என்றே அழைத்தார்கள்.

ஆறாம் வகுப்பில், அருட்சகோதரிகள் நடத்தும் நகரத்துப் பெண்கள் பள்ளியில் அவளைச் சேர்த்தார். "அங்க சாமி வேறயாச்சே" என்றவர்களுக்கு, "மாரியாத்தா கோவிச்சா நான் பேசிக்கறேன்" என்பது பதில். கணவர் செல்லதுரைக்கு மட்டும் ஐயம் இன்னும் தீரவில்லை. "இங்கயே போட்டிருந்தா ஒரு மூலையில நிம்மதியா உக்காந்திருக்கும்ல?"

"அந்த மூலைக்குப் பயந்துதானே அங்க சேத்தேன்."

அப்பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. எட்டாம் வகுப்பு மாணவியர் நாளுக்கொருவராக, வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி, காலை வழிபாட்டில் ஒலிவாங்கியின் முன் நின்று 'இன்றைய சிந்தனை' சொல்ல வேண்டும். ஆறு வாக்கியங்கள். நன்றாகப் பேசுவோரைத் தேர்ந்தெடுப்பதில்லை. எவருக்கும் விலக்கும் இல்லை. கனிமொழி பதினேழாம் எண். அவள் முறை வந்த புதனன்று காய்ச்சல் என்று படுத்தாள்; வியாழனும் வெள்ளியும் எழவில்லை. வழிபாட்டுக் குறிப்பேட்டில் மூன்று நாளும் அவள் பெயரே எழுதப்பட்டு, எதிரே 'வரவில்லை' என்று குறிக்கப்பட்டிருக்கிறது. பதினெட்டாம் எண் அழைக்கப்படவே இல்லை.

வெள்ளி மாலை தலைமையாசிரியை சிஸ்டர் ஞானம் மொபெட்டில் வீட்டுக்கே வந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "உன் நம்பர்லயே நிக்குதும்மா. திக்கினா திக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் நாங்க நிப்போம்."

இதை ராசம்மாள் தம் மொழியில் சுருக்கினார்: "அடிக்கவும் மாட்டாங்க, விடவும் மாட்டாங்க."

மறுநாள் சனிக்கிழமை. வரப்பில் அந்த ஒத்திகை அதற்காகத்தான். ஐந்தாம் முறையும் தடைபட்டபோது அவர் ஒரு வழி சொன்னார்: "காவேரின்னு ஆரம்பிச்சுக்கயேன்."

"தண்ணி மே... மேட்டூர்லதானேம்மா தொறக்கறாங்க. மாத்த மாட்டேன்."

ராசம்மாள் அடுத்த முடியை அவிழ்த்தார். "அப்ப மேட்டூர்லேருந்தே சொல்லு" என்றார்.

திங்கள் காலை மகளை இர்பானின் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியவர், வெளிவாசலிலேயே நின்றுவிட்டார். "உள்ள வாங்கம்மா" என்ற காவலாளியிடம், "என்னயப் பாத்தா இன்னும் திக்கும்" என்றார், தம் அளவில் மெதுவாக.

ஒலிபெருக்கியில் "மே..." என்று வந்து நின்றது. மீண்டும் வந்தது, நின்றது. அறுநூறு மாணவியர் நின்ற மைதானத்தில் ஒரு சிரிப்பில்லை, இருமல்கூட இல்லை. யாரும் அவளுக்காக அச்சொல்லை எடுத்துக்கொடுக்கவும் இல்லை. பிறகு, "மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை நாங்கள் காத்திருக்கிறோம்" என்று முதல் வாக்கியம் முழுதாக வந்தது.

இரண்டாவது வாக்கியம் சற்றுத் தாழ்ந்த குரலில் தொடங்கியபோது இர்பான் ஆட்டோவைக் கிளப்பினார். ராசம்மாள் கையை உள்ளே நீட்டி, சாவியைத் திருகி உருவிக்கொண்டார்.

"அக்கா, எனக்கு அடுத்த சவாரி நிக்குது."

ஆறாவது வாக்கியம் முடியும்வரை, சாவியை மூடிய கையை அவர் திறக்கவில்லை.